பூட்டோடு ஒரு பொழுதுபோக்கு

திருமறைக்காட்டுக் கோயில் கதவைப் பற்றிய வரலாறு உங்களுக்குத் தெரிந்திருக்கும். நெடுங்காலம் அடைத்துக் கிடந்த அந்தக் கதவு அப்பர் பாடத் திறந்தது என்றும், சம்பந்தர் பாட மீண்டும் மூடிக்கொண்டது என்றும் பெரிய புராணம் கூறுகிறது. பாட்டுப் பாடிக் கதவைத் திறக்கும் பேறு நம்மைப் போன்றவர்களுக்கு வாய்ப்பதில்லை. நமக்குச் சாவி வேண்டும். அந்தச் சாவி தொலைந்துபோனால் பெரும்பாலோர் சுத்தியலைத் தேடுவார்கள். சுத்தியலும் வேண்டாம், சாவியும் வேண்டாம், இரண்டு கம்பிகளும் நிறைந்த பொறுமையும் இருந்தால் போதும் என்று சொல்பவர்கள் ஒரு சிலர் உண்டு. அந்த ஒரு சிலரில் அடியேனும் ஒருவன். தபால்தலை சேர்ப்பதும் பறவைகளை நோக்குவதும் சிலருக்குப் பொழுதுபோக்காக இருப்பதுபோல, சாவியில்லாமல் லீவர் பூட்டைத் திறப்பது ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளாக எனக்குப் பொழுதுபோக்கு.

“இது என்ன, கள்வர் கலையையா வானொலியில் கற்பிக்கப் போகிறீர்?” என்று உங்களுள் சிலர் முகம் சுளிக்கக்கூடும். நியாயமான கேள்விதான். அதற்கு விடை சொல்லாமல் இந்தப் பேச்சை நான் முடிக்கப் போவதில்லை.

நான் பிறந்து வளர்ந்தது வடசென்னையில். இராயபுரத்தில் தொடங்கிக் காசிமேடு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் என்று வடக்கே நடந்தால் எண்ணூர் வரையில் ஒரு பக்கம் கடல். மறு பக்கம் இருப்புப்பாதையும் ஆலைகளும் கிடங்குகளும். 1856ஆம் ஆண்டில் தென்னிந்தியாவின் முதல் பயணி ரயில் புறப்பட்ட இராயபுரம் நிலையம் எங்கள் வீட்டிலிருந்து நடந்து போகும் தொலைவில்தான் இருந்தது. துறைமுகத்தில் இறங்கும் சரக்கும் ஆலைகளிலிருந்து புறப்படும் சரக்கும் கிடங்குகளில் தங்கிச் செல்லும். சரக்குத் தங்கும் இடமெல்லாம் பூட்டுத் தொங்கும் அல்லவா? எங்கள் பகுதியில் பூட்டுக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் கடற்காற்றில் உப்பு உண்டு. உப்புக்கும் இரும்புக்கும் தீராப் பகை. மிதிவண்டி டியூபை வெட்டிப் பூட்டுக்குச் சட்டை தைத்ததுபோல் போர்த்தி வைப்பார்கள். அப்படியும் துரு உள்ளே புகுந்துவிடும். காலை வேளையில் கிடங்கு வாயிலில் நின்றுகொண்டு, திரும்ப மறுக்கும் சாவியோடு மல்லுக்கு நிற்கும் காவலாளியை நாள்தோறும் காணலாம். அதனால் பூட்டுப் பழுதுபார்ப்பவருக்கு எங்கள் பக்கத்தில் என்றும் வேலை இருந்தது.

1971ஆம் ஆண்டு. எனக்கு அப்போது பதின்மூன்று வயது. துறைமுகத்தில் சரக்கேற்றும் வேலை பார்த்துவந்த என் தந்தையார் திடீரென்று காலமானார். வீட்டில் இருந்த முக்கியமான காகிதங்கள் அனைத்தும் அவருடைய டிரங்குப் பெட்டியில் இருந்தன. அந்தப் பெட்டிக்குத் திண்டுக்கல் பூட்டு ஒன்று போட்டிருந்தார். சாவியை அரைஞாணில் கோத்து வைத்திருப்பது அவர் வழக்கம். இறுதிச் சடங்கின் குழப்பத்தில் அது எங்கே போயிற்று என்று ஒருவருக்கும் தெரியவில்லை. இரண்டு வாரங்கள் கழிந்தன. ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் சேர விண்ணப்பித்திருந்த என் அக்காளுக்கு, மறுநாள் காலையில் சான்றிதழோடு நேரில் வரும்படி கடிதம் வந்தது. சான்றிதழோ பெட்டிக்குள் இருந்தது.

என் தாய்மாமன் சம்மட்டியும் உளியும் கொண்டுவந்துவிட்டார். ஆனால் என் தாயார் பெட்டியின்மேல் இரு கைகளையும் வைத்துக்கொண்டு அமர்ந்துவிட்டார்கள். “அண்ணா, அவர் கையால் பூட்டிய பூட்டு இது. இதை உடைக்க வேண்டாம்” என்ற ஒரு சொல்லுக்கு மேல் அவர்கள் எதுவும் சொல்லவில்லை. மாமன் என்ன செய்வதென்று தெரியாமல் என்னைப் பார்த்தார். நான் கல்மண்டபத்துக்கு ஓடினேன்.

கல்மண்டபம் கடைத்தெருவில், நடைபாதை ஓரத்தில் ஒரு கோணிச் சாக்கை விரித்து, பழைய சாவிகளை வளையம் வளையமாகக் கோத்து வைத்துக்கொண்டு ஒரு பெரியவர் உட்கார்ந்திருப்பார். நான் மூச்சிரைக்கச் செய்தியைச் சொன்னேன். அவர் கேட்ட முதல் கேள்வி, “பெட்டி யாருடையது?” என்பதே. பூட்டு எத்தகையது, கூலி எவ்வளவு என்பதெல்லாம் அவருக்குப் பிறகுதான். என்னோடு நடந்து வீட்டுக்கு வந்தார். என் தாயாரிடம் அதே கேள்வியை மறுபடியும் கேட்டார். அக்கம் பக்கத்தார் இருவரை அழைத்து உட்காரவைத்தார். அதன் பிறகே பூட்டைத் தொட்டார்.

சிறிது மண்ணெண்ணெயைத் துவாரத்தில் விட்டுத் துருவை இளக்கினார். வளைந்த கம்பி ஒன்றை உள்ளே செலுத்தி இடது கையால் மெல்ல அழுத்திப் பிடித்தார். வலது கையில் மெல்லிய கம்பி ஒன்று. அவர் பூட்டைப் பார்க்கவே இல்லை. கண்களை மூடிக்கொண்டு, மருத்துவர் நாடி பார்ப்பதுபோல் இருந்தார். அரை மணி நேரம் கழிந்தது. ‘டொக்’ என்று ஒரு சிறு ஓசை. பூட்டு திறந்துகொண்டது. பூட்டுக்கும் காயமில்லை, பெட்டிக்கும் காயமில்லை. என் தாயார் அழுதார்கள். எனக்கோ அந்த ‘டொக்’ என்ற ஓசை காதைவிட்டு நீங்கவே இல்லை. மறுநாள் மாலையே அந்தக் கோணிச் சாக்கின் ஓரத்தில் போய் உட்கார்ந்தேன். “தாத்தா, எனக்கும் கற்றுக்கொடுங்கள்” என்று கெஞ்சினேன். பள்ளி விட்டு வந்து சாவிகளைத் துடைத்து அடுக்கும் வேலையைத்தான் முதலில் கொடுத்தார். சில மாதங்கள் கழித்தே ஒரு பூட்டைப் பிரித்து உள்ளே காட்டினார்.

அந்தப் பூட்டினுள் நான் கண்டதை இப்போது உங்களுக்குச் சொல்கிறேன்.

நம் கடைகளில் விற்கும் பூட்டுகள் சிலவற்றின்மேல் ஆறு லீவர், ஏழு லீவர், எட்டு லீவர் என்று பொறித்திருப்பதைக் கண்டிருப்பீர்கள். லீவர் என்பது பூட்டினுள் இருக்கும் ஒரு மெல்லிய உலோகத் தகடு. அதன் ஒரு முனை ஓர் ஆணியில் மாட்டப்பட்டிருக்கும். மறு முனை மேலும் கீழும் அசையும். ஒவ்வொரு தகட்டையும் ஒரு சிறு வில் கீழ்நோக்கி அழுத்திக்கொண்டிருக்கும். இத்தகைய தகடுகள் ஏட்டுச் சுவடியின் ஓலைகளைப்போல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு தகட்டிலும் ஒரு வெட்டு உண்டு. பூட்டின் தாழில் ஒரு முளை உண்டு. அந்த முளை எல்லாத் தகடுகளின் வெட்டுகளுக்குள்ளும் ஒரே நேரத்தில் நுழைந்தால்தான் தாழ் நகரும், பூட்டு திறக்கும்.

ஓர் உவமை சொல்கிறேன். ஐந்து பலகைகளை ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தியிருக்கிறோம். ஒவ்வொன்றிலும் ஒரு துளை இருக்கிறது. ஆனால் துளைகள் வெவ்வேறு உயரத்தில் இருக்கின்றன. அவற்றினூடே ஒரு கோலைச் செலுத்த முடியுமா? முடியாது. பலகைகளை அவையவற்றுக்கு வேண்டிய அளவு உயர்த்தி, ஐந்து துளைகளையும் ஒரே நேர்கோட்டில் கொண்டுவந்தால் கோல் எளிதில் புகுந்து மறுபுறம் வந்துவிடும். சாவி செய்யும் வேலை இதுதான். சாவியின் நாக்கில் படிக்கட்டுப்போல் மேடும் பள்ளமுமாக வெட்டியிருக்கிறார்களே, அந்த ஒவ்வொரு படியும் ஒவ்வொரு தகட்டை அதற்கு உரிய உயரத்துக்குத் தூக்குகிறது. குறைவாகத் தூக்கினாலும் பூட்டு திறவாது. மிகுதியாகத் தூக்கினாலும் திறவாது. மிகுதியாகத் தூக்கினாலும் தடுக்கும் இந்த ஏற்பாட்டை 1778ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் இராபர்ட் பாரன் என்பவர் அமைத்தார். இன்றைய லீவர் பூட்டுகளுக்கு அதுவே அடிப்படை.

அப்படியானால் சாவியில்லாமல் கம்பியால் திறப்பது எப்படி? இங்கேதான் இயற்கை நமக்கு உதவி செய்கிறது. மனிதன் செய்யும் எந்த இரண்டு பொருள்களும் அணுவளவும் பிசகாமல் ஒன்றுபோல் இருப்பதில்லை. ஆறு பேர் ஒரு பல்லக்கைத் தூக்கினால், அவர்களுள் சற்று உயரமானவன் தோளில்தான் பாரம் முதலில் விழும். பூட்டிலும் அவ்வாறே. தாழை ஒரு கம்பியால் திறக்கும் பக்கமாக மெல்ல அழுத்தினால், முளை எல்லாத் தகடுகளின்மேலும் ஒருங்கே அழுந்துவதில்லை. யாதேனும் ஒரு தகட்டின்மேல் முதலில் அழுந்தும். அந்தத் தகடு மட்டும் இறுகி நிற்கும். மற்றவை வில்லின் மேல் துள்ளிக்கொண்டிருக்கும். இறுகிய தகட்டைக் கண்டுபிடித்து மெல்லத் தூக்கினால், அதன் வெட்டு முளைக்கு நேரே வரும்போது முளை ஒரு மயிரிழை உள்ளே நகரும். அந்த அசைவு கண்ணுக்குத் தெரியாது. விரலுக்குத் தெரியும். உடனே பாரம் அடுத்த தகட்டின்மேல் விழும். அதையும் தேடித் தூக்க வேண்டும். இப்படி ஒவ்வொன்றாக எல்லாம் இசைந்த பிறகுதான் அந்த ‘டொக்’ என்ற ஓசை.

லீவர் பூட்டின் வரலாறு ஒரு துறைமுகத்தோடு தொடர்புடையது என்பதை அறிந்தபோது, துறைமுகத்து வாசியாகிய எனக்குத் தனி மகிழ்ச்சி உண்டாயிற்று. 1817ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் போர்ட்ஸ்மத் துறைமுகத்தின் கப்பல் தளத்தில் கள்ளச்சாவி போட்டு ஒரு களவு நடந்தது. தன் சாவியன்றி வேறொன்றாலும் திறவாத பூட்டைச் செய்பவருக்கு நூறு பவுன் பரிசு என்று அரசாங்கம் அறிவித்தது. அவ்வூரைச் சேர்ந்த ஜெரமையா சப் என்பவர் 1818இல் ஒரு லீவர் பூட்டைச் செய்து உரிமை பெற்றார். அதில் ஒரு விந்தை இருந்தது. யாரேனும் வேறு கருவியைப் புகுத்தி ஒரு தகட்டை அளவுக்கு மேல் தூக்கிவிட்டால், பூட்டு அப்படியே சிக்கிக்கொள்ளும். உரியவர் வந்து சாவியைப் போடும்போது, ‘என்னை எவனோ தொட்டிருக்கிறான்’ என்று அது கோள் சொல்லிவிடும். துறைமுகத்தில் நின்ற சிறைக்கப்பலில் பூட்டுத் தொழில் தெரிந்த கைதி ஒருவன் இருந்தான். அந்தப் பூட்டைத் திறந்தால் விடுதலையும் நூறு பவுனும் தருவதாக அவனுக்குச் சொன்னார்கள். அவன் பல வாரம் முயன்று தோற்றான்.

மூன்று பத்தாண்டுகளுக்கு மேல் அந்தப் பூட்டு தலைநிமிர்ந்து நின்றது. பிறகு 1851ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரில் மாபெரும் பொருட்காட்சி நடந்தது. அதற்கு அமெரிக்காவிலிருந்து ஆல்பிரட் ஹாப்ஸ் என்னும் பூட்டு வல்லுநர் வந்தார். சாட்சிகள் முன்னிலையில் சப் பூட்டை 25 நிமிடத்தில் திறந்துவிட்டார். பிராமா என்பவர் செய்த வேறு வகைப் பூட்டொன்று, திறப்பவருக்கு 200 கினி பரிசு என்ற அறிவிப்போடு அறுபது ஆண்டுகளாக இலண்டன் கடைச் சாளரத்தில் இருந்துவந்தது. அதையும் பதினாறு நாள்களில் 51 மணி நேரம் உழைத்துத் திறந்தார். நாடே அதிர்ந்தது. ‘இதையெல்லாம் வெளியில் சொல்லலாமா? கள்வர்களுக்கு வழிகாட்டுவது ஆகாதா?’ என்று பலர் குறைகூறினார்கள். ஹாப்ஸின் மறுமொழி இதுதான்: கள்வர்கள் தங்கள் தொழிலில் நம்மைவிடத் தேர்ந்தவர்கள், பூட்டின் குறை தெரியாமல் ஏமாந்துகொண்டிருப்பவர்கள் நேர்மையானவர்களே, ஆகவே அவர்களுக்குத் தெரியட்டும். அந்த விவாதத்தின் பயன் என்ன தெரியுமா? பூட்டுச் செய்வோர் விழித்துக்கொண்டார்கள். தகடுகளில் பொய் வெட்டுகள் அமைத்தார்கள். துவாரத்தை மறைக்கும் திரை அமைத்தார்கள். திறக்க முயன்றவனால் பூட்டு வலுப்பெற்றது. இன்று கணினித் துறையிலும் இதே முறை வழங்குகிறது. நிறுவனங்கள் தாமே வல்லுநரை அழைத்து, ‘எங்கள் காப்பில் ஓட்டை இருந்தால் கண்டு சொல்லுங்கள்’ என்று அனுமதி கொடுக்கின்றன.

நம் நாட்டின் பங்கையும் கூறவேண்டும். வழக்கறிஞர் தொழிலை விட்டுவிட்டு அர்தேஷிர் கோத்ரெஜ் என்பவர் 1897ஆம் ஆண்டில் பம்பாயில் பூட்டுத் தொழிலைத் தொடங்கினார். உத்தரப் பிரதேசத்தில் அலிகார் நகரம் பூட்டுக்குப் பெயர் பெற்றது. தமிழகத்திலோ பூட்டு என்றவுடன் நாவில் வரும் ஊர் திண்டுக்கல். மாங்காய் வடிவில் அமைந்த மாங்காய்ப் பூட்டும், சாவி திரும்பும்போது மணியோசை எழுப்பும் மணிப்பூட்டும் அவ்வூர்க் கைவினைஞரின் படைப்புகள். திண்டுக்கல் பூட்டுக்கு 2019ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. ஒருமுறை நான் அங்கே சென்று ஒரு பட்டறையில் அரை நாள் உட்கார்ந்திருந்தேன். முதியவர் ஒருவர் ஒவ்வொரு தகட்டையும் அரத்தால் ராவி, பூட்டில் பொருத்திப் பார்த்து, மறுபடியும் ராவிக்கொண்டிருந்தார். “இயந்திரத்தில் செய்த பூட்டு மலிவாக வருகிறது. என் பிள்ளைகள் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள்” என்று வருத்தமின்றிச் சொன்னார். எனக்குத்தான் வருத்தமாக இருந்தது. ஒரு பூட்டைக் கம்பியால் திறந்து பழகியவனுக்கு, அதைச் செய்தவருடைய கையின் அருமை தெரிந்துவிடுகிறது. எந்தத் தகட்டில் அரம் ஒருமுறை கூடுதலாக ஓடியது என்பதைக்கூட விரல் சொல்லிவிடும்.

இதுவரை என் கலையின் பெருமையைச் சொன்னேன். இனி என் சிறுமையையும் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் நான் முதலில் எழுப்பிய கேள்விக்கு விடை கிடைக்காது.

1975ஆம் ஆண்டில் ஒரு பட்டறையில் தொழில் பழகுநனாகச் சேர்ந்தேன். கூட வேலை பழகிய இளைஞர்களிடம் என் திறமையைக் காட்ட வேண்டும் என்ற ஆசை என்னை அரித்துக்கொண்டிருந்தது. ஒருநாள் உணவு இடைவேளையில் கருவிக் கிடங்குப் பொறுப்பாளரின் அலமாரிப் பூட்டை ஏழெட்டு நிமிடத்தில் திறந்து காட்டினேன். நண்பர்கள் கை தட்டினார்கள். உள்ளிருந்த எதையும் நான் தொடவில்லை. மறுபடியும் பூட்டிவிட்டேன். விளையாட்டு முடிந்தது என்று எண்ணினேன்.

ஒன்பது நாள் கழித்து அந்த அலமாரியிலிருந்த மைக்ரோமீட்டர் ஒன்று காணாமற்போயிற்று. கை தட்டிய நண்பர்களின் கண்கள் என் பக்கம் திரும்பின. யாரும் வாய் திறந்து என்னைக் கள்வன் என்று சொல்லவில்லை. ஆனால் நான் உள்ளே நுழைந்தால் பேச்சு நின்றுவிடும். சாப்பாட்டுத் தூக்கை என் பக்கத்தில் வைத்திருந்தவர்கள் எடுத்துத் தள்ளி வைத்துக்கொண்டார்கள். ஒரு மாதம் இப்படியே சென்றது. பிறகு கடைசல் இயந்திரம் ஒன்றின் அடியில், இரும்புச் சுருள்களுக்கு நடுவே அந்தக் கருவி கிடைத்தது. யாரோ பயன்படுத்திவிட்டு மறந்துபோயிருந்தார்கள். எல்லோரும் சிரித்தார்கள். என்னால் சிரிக்க முடியவில்லை.

அன்று மாலை கல்மண்டபத்துப் பெரியவரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கையை நீட்டினார். அவர் எனக்குக் கொடுத்திருந்த கம்பிகளைத் திருப்பிக் கொடுத்தேன். “தம்பி, பூட்டு கெட்டால் நான் சரிசெய்து தருவேன். பெயர் கெட்டால் அதற்குச் சாவி ராவ எனக்குத் தெரியாது. நீ யார் பூட்டைத் திறந்தாயோ அவரிடம் போய்ச் சொல்” என்றார். போனேன். கிடங்குப் பொறுப்பாளர் நான் சொன்னதைக் கேட்டு நெடுநேரம் பேசாமல் இருந்தார். அவர் காவலில் இருந்த அலமாரி அல்லவா? கருவி கிடைக்காமலே போயிருந்தால் அவர் சம்பளத்தில் பிடித்திருப்பார்கள். அதை அவர் சொன்ன பிறகுதான் நான் உணர்ந்தேன். பிறகு, “சரி, உனக்கு இவ்வளவு தெரிகிறதே, இதைவிட நல்ல பூட்டு எது என்று சொல்” என்று கேட்டார். என் முதல் மாதப் படியிலிருந்து ஏழு லீவர் பூட்டு ஒன்று வாங்கி அந்த அலமாரிக்குப் போட்டேன். ஆறு மாதம் கழித்தே பெரியவர் கம்பிகளைத் திருப்பிக் கொடுத்தார்.

மாணவ நண்பர்களே, இந்தப் பொழுதுபோக்கின் அறம் முழுவதும் அந்தப் பெரியவரின் முதல் கேள்வியில் அடங்கியிருக்கிறது. ‘பூட்டு யாருடையது?’ உங்களுடையதாக இருக்க வேண்டும். அல்லது உரியவர் முன்னின்று கேட்டிருக்க வேண்டும். பிறர் பூட்டைத் தீய எண்ணத்தோடு திறப்பது சட்டப்படி குற்றம். தீய எண்ணம் இல்லாமலே திறந்தாலும் அது தீங்காய் முடியும் என்பதற்கு நானே சான்று. இரண்டாவது விதியும் ஒன்று உண்டு. உங்களுடைய பூட்டே ஆனாலும், கதவிலோ பெட்டியிலோ பயன்பட்டுவரும் பூட்டில் பழகாதீர்கள். கம்பி உள்ளே முறிந்துவிட்டால் வீட்டார் அனைவரும் தெருவில் நிற்க நேரும். ஜெர்மனியில் 1997இல் தொடங்கிய பூட்டுத் திறப்போர் சங்கம் உட்படப் பல நாடுகளில் இதற்கென்றே கழகங்கள் இருக்கின்றன, போட்டிகளும் நடக்கின்றன. அவர்களும் இந்த இரண்டு விதிகளைத்தான் முதலில் சொல்கிறார்கள்.

இனி, தொடங்க விரும்புவோர் எப்படித் தொடங்கலாம் என்று பார்ப்போம்.

பழைய இரும்புக் கடைக்குப் போய், சாவியோடு கூடிய பழைய மேசை டிராயர் பூட்டு ஒன்றை வாங்குங்கள். தொங்கு பூட்டைவிட இது நல்லது. தொங்கு பூட்டை ஆணியடித்து மூடியிருப்பார்கள், பிரிப்பது கடினம். டிராயர் பூட்டுகளில் பலவற்றின் மூடியைத் திருப்புளியால் கழற்றிவிடலாம். கழற்றும்போது முகத்தைச் சற்று விலக்கி வைத்துக்கொள்ளுங்கள். வில் துள்ளிக் கண்ணில் படக்கூடும். மூடியை எடுத்தவுடன் எதையும் கலைக்காமல், உள்ளிருப்பதை ஒரு குறிப்பேட்டில் வரைந்துகொள்ளுங்கள். சாவியைப் போட்டு மெல்லத் திருப்பிப் பாருங்கள். தகடுகள் எழுவதையும், வெட்டுகள் ஒரே வரிசைக்கு வருவதையும், முளை நுழைவதையும் கண்ணாரக் காணலாம். எத்தனை முறை பார்த்தாலும் அலுக்காத காட்சி அது.

அடுத்தபடியாகத் தகடுகளை எல்லாம் எடுத்துவிட்டு ஒன்றை மட்டும் வைத்து மூடுங்கள். பூட்டை ஒரு பலகையில் திருகி நிறுத்துங்கள். கருவிக்கு வெளியே அலைய வேண்டாம். கிழிந்த குடையின் கம்பியும் மிதிவண்டிச் சக்கரத்தின் ஆரக்கம்பியும் போதும். நுனியை வளைத்து, அரத்தால் ராவிப் பிசிறு இல்லாமல் செய்துகொள்ளுங்கள். ஒரு கம்பி தாழை அழுத்த; மற்றொன்று தகட்டைத் தூக்க. ஒற்றைத் தகட்டோடு திறக்கப் பழகிய பிறகு இரண்டாவதைச் சேருங்கள். பிறகு மூன்றாவது. ஒவ்வொரு தகடு கூடும்போதும் வேலை இருமடங்கு கடினமாகத் தோன்றும். மனம் தளர வேண்டாம்.

புதிதாகப் பழகுவோர் எல்லோரும் செய்யும் தவறு ஒன்று உண்டு. அழுத்தம் மிகுதியாகக் கொடுத்துவிடுகிறார்கள். வலுவாக அழுத்தினால் எல்லாத் தகடுகளும் ஒருங்கே இறுகிப்போகும். விரலுக்கு ஒரு செய்தியும் வராது. உறங்கும் குழந்தையின் போர்வையைச் சரிசெய்யும் கை எவ்வளவு மென்மையாக இருக்குமோ அவ்வளவு மென்மை போதும். திறக்கவில்லை என்றால் கோபம் வரும். கோபம் வந்தால் கை இறுகும். கை இறுகினால் பூட்டும் இறுகும். அப்போது கம்பிகளை வைத்துவிட்டு எழுந்துபோய்த் தண்ணீர் குடியுங்கள். நாளும் நேரமும் குறித்து, என்ன உணர்ந்தீர்கள் என்பதை எழுதி வையுங்கள். ஒரு மாதம் கழித்துப் படித்தால் உங்கள் விரல்கள் எவ்வளவு கற்றிருக்கின்றன என்பது விளங்கும்.

பூட்டைப் பேணுவதும் இக்கலையின் ஒரு பகுதியே. நம்மில் பலர் பூட்டுக்குத் தேங்காயெண்ணெய் விடுவார்கள். இரண்டு நாள் நன்றாகத் திரும்பும். பிறகு எண்ணெயில் தூசி படிந்து பசையாகிவிடும். மண்ணெண்ணெயில் கழுவி உலர்த்தி, பென்சில் கரியைத் தூளாக்கிச் சாவியில் தடவிப் போட்டுத் திருப்பினால் நெடுநாள் வழுக்கிச் செல்லும். இந்த ஓர் உதவியை உங்கள் வீட்டுப் பூட்டுகளுக்குச் செய்து கொடுங்கள். ‘இந்தப் பிள்ளைக்கு ஏன் இந்த வேண்டாத வேலை?’ என்று கேட்ட பெற்றோரே உங்களைப் பாராட்டுவார்கள்.

இதனால் என்ன பயன் என்று கேட்பீர்களாயின், எனக்குக் கிடைத்ததைச் சொல்கிறேன். நுட்பமான கருவிகளைப் பழுதுபார்க்கும் தொழிலில் என் வாழ்நாள் கழிந்தது. அதில் எனக்கு நற்பெயர் கிடைத்தது என்றால், அதற்குக் காரணம் கல்மண்டபத்து நடைபாதையில் பழகிய இந்த விரல்கள்தாம். பொருளுக்குள்ளே என்ன நடக்கிறது என்பதை உடைக்காமல் அறிந்துகொள்ளும் பழக்கம் அங்கே வந்தது.

அந்த டிரங்குப் பெட்டியில் என்ன இருந்தது என்பதைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். அக்காளின் சான்றிதழ் இருந்தது. மறுநாள் அதைக் கொண்டுபோனாள். ஆசிரியையாகி ஓய்வும் பெற்றுவிட்டாள். அதன் கீழே, தந்தையார் துணியில் சுற்றி வைத்திருந்த பொருள் ஒன்று இருந்தது. பிரித்துப் பார்த்தோம். அதே பூட்டுக்கு உரிய இரண்டாவது சாவி! தொலையாமல் இருக்கட்டும் என்று பெட்டிக்குள்ளேயே வைத்துப் பூட்டியிருக்கிறார். அழுதுகொண்டிருந்த என் தாயார் அன்றுதான், அத்தனை நாளுக்குப் பிறகு, சிரித்தார்கள்.

அந்தப் பூட்டு இன்று என் மேசைமேல் இருக்கிறது. இரண்டாவது சாவியும் இருக்கிறது. ஆனாலும் ஆண்டுக்கு ஒருமுறை, தந்தையார் மறைந்த நாளில், சாவியை எடுக்காமல் கம்பிகளை எடுத்துக்கொண்டு உட்காருகிறேன். கண்களை மூடிக்கொள்கிறேன். ‘டொக்’ என்ற அந்த ஓசை கேட்கிறது.